மணல் முற்றத்தில் வாகனம் தூக்குவோர் கவனத்திற்கு

படுவான்கரையில் வேளாண்மை வெட்டு முடிந்திருந்த நேரம். நெல் ஏற்றி ஏற்றிக் களைத்த பழைய பிக்கப் ஒன்று ஒரு வீட்டு முற்றத்தில் பின்பக்கம் தூக்கப்பட்டு நின்றது. பிரேக் லைனர் மாற்றுவதற்காக இடப்புறப் பின்சில்லைக் கழற்றியிருந்தார்கள். போத்தல் ஜக்கின் அடியில் ஒரு சீமெந்துக் கல். அக்சிலுக்குக் கீழே நிமிர்த்தி வைத்த இரண்டு சீமெந்துக் கற்கள். இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் பாதி உடல் வாகனத்தின் கீழும் பாதி வெளியிலுமாகக் கிடந்தார்.

"மனே, அதுக்குக் கீழ போகாத" என்றார் விறாந்தையில் இருந்த முதியவர்.

"ஒண்ணும் ஆகாது அம்மப்பா. கல்லு வச்சிருக்கன்தானே."

சிறிது நேரத்தில் அளவான ஸ்பானர் ஒன்று தேவைப்பட்டது. அதை வாங்கப் பேரன் அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் வேலியைத் தாண்டியிருக்கமாட்டார், பானை உடைவது போல ஒரு சத்தம். மேல் கல் இரண்டாகப் பிளந்தது, ஜக் சரிந்தது, பிரேக் ட்ரம் ஈர மண்ணுக்குள் அரைச்சாண் ஆழத்துக்குப் புதைந்தது. ஓடிவந்த இளைஞர் ஸ்பானரைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றார்.

அவர் அவதானமற்ற பிள்ளை அல்ல. வெறும் ஜக்கை நம்பக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கல் வைத்தார். வைத்த பொருளும் வைத்த இடமும்தான் பிழை. அந்தக் காட்சியைக் கண்ட நாளிலிருந்து இதை எழுத வேண்டும் என்ற எண்ணம் எமக்கு இருந்து வந்தது.

வாவியின் இரு கரைகளிலும் வீட்டு முற்றமே கராஜ் ஆகிவிட்ட வீடுகள் இன்று பல. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் உதிரிப்பாகங்களின் விலை கைக்கெட்டாமல் போனது. 2025இன் தொடக்கத்தில் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட போதும், வரியோடு சேர்த்துக் கேட்கப்பட்ட விலை ஒரு சாதாரண விவசாயிக்கோ மீன் வியாபாரிக்கோ கட்டுப்படியாகக் கூடியதாக இருக்கவில்லை. ஆகவே இருபது, முப்பது வருடப் பழைய பிக்கப்களே தொடர்ந்து நெல்லையும் மீனையும் விறகையும் சுமக்கின்றன. உப்புக்காற்று வேறு அவற்றைத் தின்கிறது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை பாதையில் ஏறி இறங்கி வாவித் தண்ணீரில் சில்லை நனைத்துப் பழகிய வாகனங்களும் இவற்றுள் உண்டு. பழைய வாகனத்துக்கு அடிக்கடி வேலை வரும். ஒவ்வொரு வேலைக்கும் கராஜுக்குப் போகக் காசு இராது. வீட்டில் வேலை செய்யாதீர்கள் என்று சொல்வதில் ஒரு பயனும் இல்லை. எப்படித் தூக்குவது என்று சொல்வதுதான் நியாயம்.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். எமது பகுதியில் இதுவே முக்கியமானது; வாகனத்தோடு வரும் புத்தகங்களில் இது ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்தப் புத்தகங்களை எழுதியவர்களின் மனதில் இருப்பது கொங்கிரீட் தரை. எழுவான்கரையில் எமக்கு இருப்பதோ கடல் மணல். காய்ந்த மணல் பாரம் வந்ததும் பக்கவாட்டில் விலகி ஓடும். படுவான்கரையின் களிமண் கோடையில் கல். கார்த்திகை, மார்கழி மழையில் களி. மேற்பரப்பு காய்ந்து வெடித்திருந்தாலும் இரண்டு அங்குலத்துக்குக் கீழே அது இன்னும் ஈரமாக இருக்கலாம். மேலே கூறிய விபத்தில் நடந்தது அதுதான்: ஒரு பக்கம் மெல்லத் தாழ்ந்ததால் கல்லின் ஒரு விளிம்பில் மட்டும் பாரம் விழுந்தது.

ஒரு சிறிய கணக்குப் பார்ப்போம். வெறுமையான ஒரு சாதாரண பிக்கப்பின் நிறை சுமார் 1,500 கிலோ. எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்பக்கமே கூடுதலான பாரம். பின்பக்கத்துக்கு ஏறக்குறைய 600 கிலோ வரும். போத்தல் ஜக்கின் அடித்தட்டு பத்துச் சென்ரிமீற்றர் நீளமும் பத்துச் சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் முழுவதும் அதன் மேல் வந்தால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 6 கிலோ. மணலும் ஈரக் களியும் இதைத் தாங்கா. அதே ஜக்கின் கீழே 30 சென்ரிமீற்றர் அகலமும் 60 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட கனமான பலகை ஒன்றைப் போட்டால் பாரம் 1,800 சதுர சென்ரிமீற்றருக்குப் பரவுகிறது. ஒன்றுக்குக் கிடைப்பது ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்கு. ஓர் ஆள் ஒற்றைக் காலில் நிற்கும்போது மண்ணுக்கு வரும் அழுத்தம் ஏறக்குறைய இவ்வளவுதான். ஒற்றைக் காலில் நின்றால் உங்கள் கால் புதையும் இடத்தில் வாகனத்தைத் தூக்க வேண்டாம் என்று இதனை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பலகை வளைந்தால் இந்தக் கணக்குப் பொய்த்துவிடும். குறைந்தது இரண்டு அங்குலத் தடிப்பு வேண்டும். பாலை, முதிரை போன்ற வைரமான மரம் நல்லது. அகலமான ஒற்றைப் பலகை இல்லாவிட்டால் இரண்டை அருகருகே போட்டு, அவற்றின் மேல் குறுக்காக இன்னொன்றை வைக்கலாம். வைப்பதற்கு முன் மேல் மணலை வழித்தெடுத்து, அடி மண்ணைச் சமப்படுத்தி, மிதித்து இறுக்க வேண்டும். மணல் முற்றமாயின் தண்ணீர் தெளித்து மிதித்தால் இறுகும். களிமண்ணில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்.

கிணற்றடி, அடுப்படித் தண்ணீர் ஓடும் இடம், புதிதாக மண் நிரப்பிய இடம் ஆகியவை கூடாது. மலசலகூடக் குழி எங்கே இருக்கின்றது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். மண் மூடிப் புல் வளர்ந்துவிட்டால் குழியின் மூடி கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் ஒரு பிக்கப்பைத் தூக்கி நிறுத்துவது என்ன கதி என்று விளக்கத் தேவையில்லை.

ஜக்கைத் தூக்காமல் மணலைத் தோண்டிக் கீழே படுத்துக்கொள்ளலாமே என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். தோண்டிய குழியின் ஓரம் சில்லின் பாரத்தால் சரிந்தால் ஆளையும் மணலையும் சேர்த்தே மூடும்.

இனி சில்லுகள். பின்பக்கத்தைத் தூக்குவதில் உள்ள அபாயம் முன்பக்கத்தைத் தூக்குவதில் இல்லை. பெரும்பாலான பிக்கப்களில் ஹாண்ட் பிரேக் பிடிப்பது பின்சில்லுகள் இரண்டையும் மட்டுமே. அவை இரண்டும் மேலே எழும்பிவிட்டால் ஹாண்ட் பிரேக் எவ்வளவு இறுக்கமாக இருந்தும் ஒன்றுதான். நிலத்தில் நிற்கும் முன்சில்லுகளைப் பிடிக்க எதுவும் இல்லை. "கியரில் விட்டிருக்கிறேன்" என்பார்கள். பின்சில்லு இயக்கமுள்ள வாகனத்தில் கியரும் பின்சில்லுகளையே பிடிக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் கியர் காப்பாற்றும் என்றும் நினைக்கக் கூடாது. நடுவிலிருக்கும் டிபரன்சலின் வேலையே இரண்டு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவதுதான். அந்தரத்தில் உள்ள சில்லு பின்னோக்கிச் சுழன்றால் நிலத்தில் உள்ளது முன்னோக்கிச் சுழலும். எஞ்சின் அசையாது, வாகனம் உருண்டுவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பின் ட்ரம்மைக் கழற்ற ஹாண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் ட்ரம் வராது. அதாவது, ஹாண்ட் பிரேக் மிகவும் தேவைப்படும் வேலையில் அதைப் போட முடியாது! எனவே முன்சில்லுகள் இரண்டுக்கும், முன்னும் பின்னுமாக, நான்கு அடைகட்டைகள் வைத்தே ஆக வேண்டும். உருண்டைக் கற்கள் வேண்டாம். ஆப்புப் போலச் சரிவாக அறுத்த மரக்கட்டைகளே சில்லோடு பொருந்தும். மணலில் கட்டையும் தள்ளிக்கொண்டு போகுமாதலால் ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் ஒரு முளை அடித்துவிடுவது நல்லது. வீதிப் பக்கம் சரிந்திருக்கும் முற்றமாயின் வேறிடம் பாருங்கள்.

வாகனத்தின் பெட்டியில் உள்ளதை எல்லாம் இறக்கிவிடுங்கள். 65 கிலோ மூடைகள் பதினைந்து இருந்தால் ஏறக்குறைய ஒரு தொன். அத்தனையும் பின் அக்சிலின் மேல்தான் நிற்கிறது. கழற்றப்போகும் சில்லின் நட்டுகளை, சில்லு நிலத்தில் இருக்கும்போதே அரைச் சுற்று இளக்கிக்கொள்ள வேண்டும். துருப்பிடித்த நட்டை அந்தரத்தில் நிற்கும் வாகனத்தில் எத்தி எத்திக் கழற்றுவது, ஜக்கை எத்தித் தள்ளுவதற்குச் சமம்.

ஜக்கை எங்கே கொடுப்பது? செய்யப்போகும் வேலையைப் பொறுத்தது இது. சில்லு, பிரேக், பேரிங் வேலையென்றால் அக்சிலின் கீழே, ஸ்பிரிங் பிளேற் அமரும் இடத்துக்கு மிக அருகில் கொடுக்கலாம். அக்சிலைத் தூக்கினால் சில்லும் கூடவே எழும்பும். சில அங்குலங்கள் போதும். செசியில் கொடுத்தால் முதலில் ஸ்பிரிங் பிளேற்கள்தான் நிமிரும், சில்லு நிலத்தை விட்டு இலேசில் எழும்பாது. ஜக்கின் முழு நீளமும் அதற்கே செலவாகிவிடும். உயர உயர ஆட்டமும் கூடும். அக்சிலின் மேல் ஓடும் மெல்லிய பிரேக் குழாயை ஜக்கின் தலை நசுக்காமல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் பிளேற் மாற்றுவது வேறு வேலை. பாரம் நிற்கும் பிளேற்றின் ஆணியைக் கழற்றினால் அது வில்லைப் போல எகிறும். ஆகவே வாகனத்தின் பாரத்தைச் செசியின் கீழே உயரமான இரண்டு தாங்கிகளில் நிறுத்தி, ஜக்கை அக்சிலின் கீழே வைத்து, பிளேற் இறுக்கமுமின்றி இழுபடாமலும் இருக்கும் உயரத்துக்கு அக்சிலை மெல்ல ஏற்றி இறக்கி, அதன் பின்பே யூ போல்ட்டில் கை வைக்க வேண்டும். இதற்குச் செசி உறுதியாக இருப்பது அவசியம். கடற்கரையோரம் ஓடிய வாகனங்களில் செசியின் உட்புறம் உக்கி, வெளியே பெயின்ற் மட்டும் எஞ்சியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தாலோ துருச்சில்லு உதிர்ந்தாலோ அந்த இடத்தில் பாரம் கொடுக்க வேண்டாம். இவ்வேலையை முதன்முறை செய்பவர், செய்து பழகிய ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

தூக்கும்போது இன்னொரு விடயம். முன்சில்லுகள் நிலைத்து நிற்க, பின்பக்கம் வட்டத்தின் ஒரு துண்டைப் போல வளைந்தே எழும்புகிறது. கராஜ் தரையில் சில்லு வைத்த ட்ரொலி ஜக் உருண்டு அதற்கு ஈடுகொடுக்கும். மணலில் அதன் சிறு சில்லுகள் புதைந்து நின்றுவிடும்; வாகனம் நகர ஜக் நகராது. போத்தல் ஜக்குக்குச் சில்லே இல்லை. எனவே ஒரே மூச்சில் தூக்காமல், மூன்று நான்கு அங்குலம் தூக்கித் தாங்கியில் இறக்கி, ஜக்கை மீண்டும் நேராக வைத்து, தேவையாயின் மறுபடி தூக்குங்கள். ஜக் சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் அது ஏற்கெனவே அதிகமாகச் சாய்ந்துவிட்டது.

ஜக்கை ஏன் நம்பக் கூடாது? நீரியல் ஜக்கின் தத்துவத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் வகுத்தார். கையால் தூக்கிச் செல்லக்கூடிய ஜக்குக்கு ரிச்சர்ட் டட்ஜன் என்பவர் 1851இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். சிறிய பிஸ்டனை நாம் அழுத்த, ஒயில் பெரிய பிஸ்டனை மேலே தள்ளுகிறது. அந்த ஒயிலைத் தடுத்து வைத்திருப்பது ஒரு றப்பர் வளையமும் ஒரு சிறு வால்வும் மட்டுமே. ஒரு மணல் துணிக்கை போதும், இரண்டையும் கெடுக்க. நல்ல ஜக்கும் இரவு முழுவதும் நின்றால் சற்று இறங்கியிருக்கும். தூக்குவது அதன் வேலை. தாங்குவது அதன் வேலையல்ல.

தாங்குவதற்கென்றே ஸ்ராண்ட் என்ற இரும்புத் தாங்கிகள் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டு வாங்குங்கள். கூடுமானால் பற்சட்டமும் கொழுவியும் கொண்டவற்றை விட, துளையில் தடித்த ஆணி செருகும் வகையைத் தெரிவு செய்யுங்கள். 2020இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட பெருந்தொகையான பற்சட்டத் தாங்கிகள், கொழுவி சரியாகப் பற்றாமல் திடீரென இறங்கக்கூடும் என்று கண்டறியப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டன. ஆணி வகையில் ஆணி முழுதாக மறுபக்கம் வந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதற்கென்று வந்த ஆணியையே செருகுங்கள். காணாமற் போனால் ஆறங்குலக் கம்பியைச் செருகுவது தற்கொலைக்கு ஒப்பானது. தாங்கியின் நான்கு கால்களும் மணலில் நான்கு ஊசிகள் போல இறங்கும் என்பதால், ஜக்குக்குப் போட்டது போலவே அதற்கும் பலகை வேண்டும்.

தாங்கி வாங்க வசதியில்லாதவர்களுக்கு மரக்கட்டை அடுக்கு உண்டு. ஒரே அளவான சதுரக் கட்டைகளை இரண்டிரண்டாக, ஓர் அடுக்கு நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் அடுக்க வேண்டும். அடுக்கின் உயரம் அதன் அகலத்தின் இரண்டு மடங்கை மீறலாகாது. மரம் உடையும் முன் முனகும், நசியும், எமக்கு அறிவிக்கும். சீமெந்துக் கல்லும் செங்கல்லும் எதையும் அறிவிப்பதில்லை. சுவரில் அவை சீராகப் பரவிய பாரத்தைத் தாங்குகின்றன; அக்சில் போன்ற உருண்டை இரும்பு ஒரு கோட்டில் அழுத்தினால் ஒரே கணத்தில் பிளந்துவிடுகின்றன. உள்ளே துளையுள்ள கல்லைப் பக்கவாட்டில் வைத்தால் இன்னும் மோசம். வீடு கட்டும் கல்லை வாகனத்துக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள்.

தாங்கி வைத்து ஜக்கைத் தளர்த்திப் பாரம் தாங்கியில் அமர்ந்த பின், ஜக்கை எடுத்துவிடாமல் தொட்டும் தொடாமலும் விட்டுவையுங்கள். கழற்றிய சில்லையும் மேலதிகச் சில்லையும் செசியின் கீழே படுக்க வையுங்கள். எல்லாம் தவறினாலும் வாகனம் அந்தச் சில்லுகளின் மேல்தான் விழும். ஓர் உடல் கிடக்க இடம் மிஞ்சும். காசு செலவில்லாத இந்தக் காரியத்தைச் செய்யாமல் விடுவோரே அதிகம். பின்பு வெளியே நின்றவாறு பெட்டியைப் பிடித்துப் பலமாக ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் அப்போதே விழட்டும்.

தனியாக வேலை செய்ய வேண்டாம். துணைக்கு நிற்பவர் ஸ்பானர் எடுத்துத் தருவதோடு, பலகைகள் தாழ்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைகள் அண்டக் கூடாது. ஒரு சில்லு மட்டும் தூக்கியிருக்கும்போது எஞ்சினை இயக்கிக் கியர் போட்டுப் பார்க்கும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. இடையில் மழை வந்தால் எழுந்து வாருங்கள். மழை விட்ட பிறகு நிலத்தை முதலிலிருந்து சோதித்த பின்பே மறுகா கீழே போகலாம்.

அப்படியும் ஒருவர் அகப்பட்டுவிட்டால், காலைப் பிடித்து இழுக்கவோ எஞ்சினை இயக்கி வாகனத்தை நகர்த்தவோ வேண்டாம். இன்னொரு ஜக்கைப் பலகையோடு கொடுத்து, எழும்பும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் கட்டை சொருகிக்கொண்டே வரவேண்டும். பத்துப் பேர் கையால் தூக்கினாலும் ஒருவருடைய வேலை கட்டை சொருகுவதாகவே இருக்கட்டும். மார்பு நசுங்கியிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. அதேநேரம் ஒருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கட்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடெங்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவை அது, கட்டணம் இல்லை. கையோ காலோ நெடுநேரம் நசுங்கிக் கிடந்திருந்தால் அந்த நேர அளவைத் தவறாமல் சொல்லுங்கள். நசுங்கிய தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பொருட்கள் பின்னர் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம் என்பதை, லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களிடம் வைத்தியர்கள் கவனித்து 1941இல் எழுதினார்கள். "எழும்பி நடக்கிறார்தானே" என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கிராம அபிவிருத்திச் சங்கங்கள் பல இடங்களில் கதிரையும் கிடாரமும் வாங்கி வைத்து வாடகைக்குக் கொடுக்கின்றன. இரண்டு தாங்கி, நான்கு அடைகட்டை, நான்கு கனமான பலகை ஆகியவற்றையும் அந்த அறையில் வைக்கலாம் என்பது எமது ஆலோசனை. ஒரு வாகனத்துக்கு அவை வருடத்தில் சில நாட்களே தேவைப்படும்.

வேலை முடிந்ததும் இறக்குவதிலும் அவசரம் வேண்டாம். கீழே ஆளோ ஸ்பானரோ இல்லை என்று பார்த்து, சில்லை மாட்டி நட்டுகளைக் கையளவில் முறுக்கி, ஜக்கால் சற்றே தூக்கித் தாங்கிகளை எடுத்து, ஜக்கின் வால்வைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திறந்து இறக்குங்கள். சில்லு நிலத்தில் அமர்ந்த பின்பே நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக முறுக்கி இறுக்க வேண்டும். அடைகட்டைகளை எடுக்கும் முன் பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பாருங்கள். லைனர் மாற்றியிருந்தால் முதல் மிதிகள் வெறுமையாகப் போகும். ஐம்பது கிலோமீற்றர் ஓடிய பிறகு அந்த நட்டுகளை இன்னொருமுறை இறுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.